கொல்லாமல் காண்பது: ஆய்வு எலியின் நுரையீரலை மனிதன் கண்ட வரலாறு

சாணக்யபுரிக்கு நான் போய்வரத் தொடங்கி நாற்பது வருஷம் ஆகிறது. தூதரகச் சமையலறைகளுக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது என் தொழில். நம் தமிழ்நாடு இல்லம் இருக்கிற கௌடில்ய மார்க்கத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பலகையை ஒருமுறை பார்ப்பேன். அர்த்த சாஸ்திரத்தின் ஓலைச்சுவடி தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மூலமாகத்தான் மைசூர் நூலகத்துக்குப் போனது. ஷாமசாஸ்திரி 1905-ல் அதை இன்னதென்று கண்டறிந்து 1909-ல் அச்சிட்டார். சாணக்யரைச் சமண இல்லறத்தாரின் மகன் என்றே ஹேமசந்திரர் எழுதிவைத்திருக்கிறார். இதை எத்தனை தமிழர் அறிவார்?

அந்த நூலில் இறைச்சிக்கூடக் கண்காணிப்பாளர் என்ற அதிகாரிக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. கன்று, காளை, கறவைப்பசு இவற்றைக் கொன்றால் ஐம்பது பணம் அபராதம். அடைக்கலக் காடுகளில் உள்ள விலங்குகளைத் தொடவே கூடாது. கொலையை அடியோடு ஒழிக்க முடியாத இடத்தில் அரசாங்கம் அதற்கு ஒரு வரம்பு கட்டுகிறது. இந்த ஒரு எண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எழுத வைத்தவர் என் அக்கா. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்துக்காரர், பொழுது சாய்ந்தபின் தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் படாதவர். பீடி, சிகரெட் புகை அறியாத அவருக்கு 2015-ல் நுரையீரலில் புற்று என்று சொன்னார்கள். சிகிச்சைக்காகத் தில்லிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். கீமோ வேண்டாம், தினம் ஒரு மாத்திரை போதும் என்றார் டாக்டர். ஒருநாள் காலை சாணக்யபுரி நேரு பூங்காவில், லெனின் சிலைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இந்த மாத்திரைக்காக எத்தன உயிரு போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. கடைக்காரனுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று முதல் படிக்கத் தொடங்கினேன்.

எலி ஆய்வுக்கூடத்துக்கு வந்த கதை

இந்தக் கதையும் ஒரு வியாபாரியிடம்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் கிரான்பி என்ற ஊரில், 1900 வாக்கில் ஏபி லாத்ராப் என்ற பெண்மணி அழகுக்கு வளர்க்கும் சுண்டெலிகளை விற்றுவந்தார். ஆய்வுக்கூடங்களும் அவரிடம் வாங்க ஆரம்பித்தன. சில எலிகளுக்குக் கட்டி வருவதைக் கவனித்த அவர், லியோ லோப் என்ற மருத்துவ அறிஞரோடு சேர்ந்து ஆராய்ந்தார். எந்த வம்சத்து எலிக்குக் கட்டி அதிகம் வருகிறது என்று ஏட்டில் குறித்துவைத்ததுதான் அவருடைய பெரிய பணி. 1921-ல் லியோனெல் ஸ்ட்ராங் என்பவர் 'ஏ' இனம் என்கிற எலி வம்சத்தை உருவாக்கத் தொடங்கினார். அந்த எலிகளுக்கு நுரையீரல் கட்டி தானாகவே வரும்.

1943-ல் நெட்டில்ஷிப், ஹென்ஷா என்ற இருவர் ஒரு விபரீதத்தைக் கண்டார்கள். எலிகளுக்கு மயக்கம் தரப் பயன்பட்ட யூரித்தேன் என்ற மருந்தே நுரையீரல் கட்டியை உண்டாக்கியது. வலி தெரியாமல் இருக்கக் கொடுத்தது நோயாக முளைத்தது! அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு நடைமுறை இதுதான்: ஒரு ரசாயனத்தை எலிக்குச் செலுத்துவது, சில மாதம் காத்திருப்பது, எலியைக் கொன்று நுரையீரலை எடுத்து அதன் மேல் வெண்மணி போல் தெரியும் கட்டிகளை எண்ணுவது. கணக்கு எடுக்க வேண்டுமானால் உயிரை எடுத்தாக வேண்டும். வேறு வழி அன்று கிடையாது.

நம் நாட்டிலும் எலிக்கு நீண்ட சரித்திரம் உண்டு. நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன், நாட்டின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். ரொட்டி, பால், பருப்பு தின்ற வடக்கத்தி எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. நம்ம மதராஸ் அரிசிச் சாப்பாடு தின்றவை பின்தங்கிவிட்டன! தில்லித் தமிழர் சப்பாத்திக்கு மாறியதற்கு இது காரணமில்லை என்றாலும் செய்தி சுவையானது. புற்றுநோய்க்கென்று பம்பாயில் 1952-ல் டாக்டர் கானோல்கர் தலைமையில் இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையம் எழுந்தது. அங்கே கமல் ரணதிவே அம்மையார் எலிகளில் மார்பகப் புற்றையும் ரத்தப் புற்றையும் ஆராய்ந்தார். அந்த மையத்தின் பெயரிலேயே ஓர் எலி வம்சமும் உலகில் வழங்குகிறது.

எலி மனிதனல்ல

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். காசநோய்க்கு நாம் இன்றும் தரும் ஐசோனியாசிட், எலிகளுக்கு நுரையீரல் கட்டி வரவழைப்பதை 1950களின் பிற்பகுதியில் கண்டார்கள். அதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது? 1956-ல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், ஏழை நோயாளிகளை வீட்டிலேயே வைத்து ஐசோனியாசிட்டும் இன்னொரு மருந்தும் கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகுக்கு நிரூபித்தது. சானடோரியம் என்ற சிறையிலிருந்து காசநோயாளியை விடுவித்தது அந்த ஆய்வு. எலியின் சாட்சியை மட்டும் கேட்டு அந்த மருந்தை அன்றே தள்ளியிருந்தால் எத்தனை குடும்பம் அழிந்திருக்கும்! மனிதருக்கு அது புற்று தருகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு.

ஆக, எலி சொல்வதெல்லாம் நமக்குப் பொருந்தும் என்றில்லை. இது தெரிந்தபின் ஓர் எலியைக் கொல்வதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். பயனில்லாத சோதனையில் போகும் உயிர் இரட்டை நஷ்டம்.

ஒரு தமிழ்ப் பெண்மணியின் சட்டம்

இரண்டு முறை யோசிக்க வைக்கும் சட்டத்துக்கு வித்திட்டவர் நம்மவர் என்பது பலருக்குத் தெரியாது. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்துக்காக எல்லோரும் அறிவார்கள். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்று இதே தில்லிக்கு வந்த அவர், 1953-ல் விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். பிரதமர் நேரு, அரசே இதை ஆராய்ந்து சட்டம் செய்யும் என்று சொல்லி மசோதாவைத் திரும்பப் பெறக் கேட்டுக்கொண்டார். அந்த வாக்கு 1960-ல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமாக நிறைவேறியது. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு ருக்மிணி தேவியே முதல் தலைவர். பல்லாண்டுகள் அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது.

இந்தச் சட்டம் ஆய்வுச் சோதனையைத் தடை செய்யவில்லை. உயிர் காக்கவும் அறிவு வளரவும் நடக்கும் சோதனைக்கு இடம் கொடுக்கிறது. அதைக் கண்காணிக்க ஒரு குழுவுக்கும் வழி செய்கிறது. தவிர்க்க முடிந்த இடத்தில் சோதனையைத் தவிர்க்க வேண்டும், வலி தரும் சோதனையை மயக்கம் கொடுத்தே செய்ய வேண்டும், சிறு விலங்கு போதுமென்றால் பெரிய விலங்கைத் தொடக்கூடாது. கௌடில்யரின் கண்காணிப்பாளர் இருபத்தோராம் நூற்றாண்டுக்கு வந்தாற்போல் இருக்கிறது, இல்லீங்களா? 1998-ல் வந்த விதிகளின்படி ஆய்வு நிறுவனம் ஒவ்வொன்றிலும் நெறிக்குழு இருக்கிறது. அதில் விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறை உள்ள ஒருவரும் உட்கார வேண்டும். என்னைப் போன்ற கடைக்காரனும் கேள்வி கேட்கலாம் என்று அர்த்தம்.

இதே காலத்தில், 1959-ல், இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் மூன்று நெறிகளை வகுத்தார்கள். விலங்குக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி. சொல்வது சுலபம். நெஞ்சுக்குள் இருக்கும் கட்டியை நெஞ்சைத் திறக்காமல் பார்த்தால்தானே எண்ணிக்கை குறையும்?

வெளிச்சம் உள்ளே போன கதை

தோலுக்கடியில் வளரும் கட்டியை வெளியிலிருந்தே அளவுகோல் வைத்து அளந்துவிடலாம். நுரையீரல் விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கிறது. 2001-ல் அமெரிக்காவில் டைலர் ஜாக்ஸ் குழுவினர், மனித நுரையீரல் புற்றில் அடிக்கடி கெட்டுப்போகும் கேராஸ் என்ற மரபணுவை எலியின் நுரையீரலிலேயே தட்டி எழுப்பும் முறைகளைக் கொண்டுவந்தார்கள். மனித நோயைப் போலவே நுரையீரலின் ஆழத்தில் கட்டி முளைத்தது. ஆனால் எது எப்போது முளைத்தது என்று வெளியே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்?

ராண்ட்ஜென் 1895-ல் எக்ஸ்-கதிரைக் கண்டார். ஹவுன்ஸ்ஃபீல்ட் 1971-ல் சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தார். மனிதனுக்குரிய சி.டி. அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பிரித்துக் காட்டும். எலிக்கு அது போதாது. 1982-ல் லண்டனில் எலியட், டோவர் இருவரும் ஒரு நத்தை ஓட்டை மிக நுண்ணிய எக்ஸ்-கதிர் வெட்டுப்படமாக எடுத்தார்கள். நுண்-சி.டி. என்ற கருவியின் தொடக்கம் அது. இன்று அந்தக் கருவி, உயிருள்ள எலியின் நெஞ்சை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலும் அதற்கும் நுணுக்கமாகவும் காட்டுகிறது. காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகத் தெரியும், கட்டி வெளுப்பாகத் தெரியும். இயற்கையே எழுதிவைத்த கரும்பலகை அது.

சிரமங்களும் உண்டு. இருபது முப்பது கிராம் எடையுள்ள சுண்டெலியின் இதயம் நிமிஷத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் துடிக்கும். மூச்சும் வேகம். ஆடும் பிள்ளையைப் போட்டோ எடுத்தால் கலங்கிப்போவது போலப் படம் கலங்கும். அதனால் மூக்கில் மயக்கவாயு கொடுத்து, உடல் குளிர்ந்துவிடாமல் சூடான படுக்கையில் கிடத்தி, எலி மூச்சை விட்டு ஓய்கிற கணங்களில் கிடைத்த படங்களை மட்டும் சேர்த்துக் கோக்கிறார்கள். இன்னொரு சிக்கல் கதிர்வீச்சு. அதே தெளிவோடு இருமடங்கு நுணுக்கம் வேண்டுமானால் ஏறத்தாழ பதினாறு மடங்கு கதிர் தேவை. அடிக்கடி படம் எடுத்தால் கதிரே எலியைப் பாதிக்கும், கட்டியின் போக்கையும் மாற்றும். பார்ப்பதிலும் ஹிம்சை உண்டு என்று சமண முனிவர் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே பௌதிகமே அதைச் சொல்கிறது.

கதிரில்லாத வழி எம்.ஆர்.ஐ. உடம்பில் உள்ள நீரின் அணுக்களைக் காந்தத்தால் பேச வைப்பது அது. நுரையீரலில் நீர் குறைவு, காற்று அதிகம். அதனால் நுரையீரல் இருண்டே கிடக்கும், கட்டி மட்டும் வெளிச்சமாகத் தெரியும். பெட் ஸ்கேன் வேறு வகை. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தினால், பசியெடுத்த புற்றணு அதை அள்ளி விழுங்கும். விழுங்கிய இடம் படத்தில் ஒளிரும். எலிக்கேற்ற சிறிய பெட் கருவியை 1990களில் கலிஃபோர்னியாவில் சைமன் செர்ரி குழுவினர் செய்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மின்மினி முறை. மின்மினிப் பூச்சியின் ஒளிக்குக் காரணமான மரபணுவை 1980களில் பிரித்தெடுத்தார்கள். 1995-ல் கிறிஸ்டஃபர் காண்டாக் முதலானோர், ஒளிவிடும் பாக்டீரியாவை எலிக்குள் செலுத்தி, அந்த ஒளியை உடம்புக்கு வெளியே காமிராவில் பிடித்துக் காட்டினார்கள். அதே வழியில் புற்றணுவுக்குள் மின்மினியின் மரபணுவை வைத்து, அதற்குரிய எரிபொருளை ஊசியில் கொடுத்தால், இருட்டறையில் எலியின் நெஞ்சிலிருந்து மெல்லிய வெளிச்சம் கசியும். மனிதக் கண்ணுக்குத் தெரியாது. குளிரூட்டப்பட்ட காமிராவுக்குத் தெரியும்.

இத்தகைய கருவிகள் தொலைதூரத்து அதிசயம் அல்ல. நம் தில்லியில் எய்ம்ஸிலும், திமார்பூரில் உள்ள இன்மாஸ் என்ற அணு மருத்துவ நிறுவனத்திலும், நவி மும்பை கார்கரில் டாட்டா நினைவு மையத்தின் ஆய்வுக்கூடத்திலும் சிறு விலங்குகளைப் படமெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

கணக்கு

கடைக்காரன் மொழியில் சொல்கிறேன். ஒரு மருந்து கட்டியைச் சுருக்குகிறதா என்று ஐந்து தடவை, மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மருந்து கொடுத்த கூட்டம் ஒன்று, கொடுக்காத கூட்டம் ஒன்று. ஒவ்வொரு தடவையும் கூட்டத்துக்குப் பத்து எலி வேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு மாதமும் இருபது எலியைக் கொன்று பார்க்க வேண்டும், மொத்தம் நூறு. ஸ்கேன் முறையில் அதே இருபது எலியை ஐந்து தடவையும் பார்க்கலாம். இது விளக்கத்துக்குச் சொன்ன கணக்குதான் என்றாலும் தத்துவம் இதுவே. மேலும் ஓர் எலியின் முதல் மாதப் படத்தை அதே எலியின் இரண்டாம் மாதப் படத்தோடு ஒப்பிடுவதால் விடையும் துல்லியம். கையிருப்பைப் பார்க்கக் கடையைக் கலைக்காமல் அன்றாடம் பேரேடு எழுதுவது போல.

பேரேட்டின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. அந்த இருபது எலிகளும் கடைசியில் பெரும்பாலும் கொல்லப்படுகின்றன, படம் காட்டியது சரியா என்று நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக. ஒரு சோதனைக்கான எண்ணிக்கை குறைந்தால் மொத்த எண்ணிக்கை குறைந்துவிடும் என்றும் இல்லை. அடக்கவிலை குறைந்தால் விற்பனை கூடும் என்பது வியாபாரிக்குத் தெரிந்த சங்கதி. கருவி வழியைத்தான் திறக்கும். வரம்பு கட்டுவது மனுஷன் வேலை.

அக்காவின் மாத்திரை

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு முதலில் கொடுத்தது ஜெஃபிடினிப். இ.ஜி.எஃப்.ஆர். என்ற வளர்ச்சி வாங்கி கெட்டுப்போனதால் வரும் நுரையீரல் புற்றுக்கு உரியது. புகை பிடிக்காத ஆசியப் பெண்களிடம் இவ்வகை அதிகம். அந்தக் கோளாறு இன்னதென்று 2004-ல் தெரிந்தது. 2006-ல் அதே கோளாறை எலியின் நுரையீரலில் உண்டாக்கினார்கள். கட்டி வந்தது, எர்லோடினிப் என்ற உடன்பிறப்பு மருந்தைக் கொடுத்ததும் சுருங்கியது. சுருங்கியதைக் கண்டது எம்.ஆர்.ஐ. வழியாகத்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து அக்காவுக்கு மாத்திரை கேட்கவில்லை. இதுவும் விஞ்ஞானிகள் அறிந்ததே. புற்று இரண்டாவது மாறுதல் ஒன்றைச் செய்துகொண்டு மருந்தைத் தள்ளிவிடும். அந்த இரண்டாவது மாறுதலையும் எலியில் உண்டாக்கி, அதை மீறும் ஓசிமெர்டினிப் என்ற மருந்தை அந்த எலிகளில் எம்.ஆர்.ஐ. வைத்துப் பார்த்து, 2014-ல் வெளியிட்டார்கள். 2015-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2017 முதல் அக்கா சாப்பிட்டது அந்த மாத்திரை. அதாவது, அவருக்குக் கிடைத்த கூடுதல் நாட்களுக்கும் காந்தக் குகைக்குள் மயங்கிக் கிடந்த அந்த எலிகளுக்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

இதற்குள் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நம் பிள்ளை ஒருவர் எனக்கு அப்படிப்பட்ட படம் ஒன்றைக் காட்டியிருந்தார். கட்டைவிரல் நக அளவு நெஞ்சு. இரண்டு கறுப்புப் பைகள், ஓரத்தில் அரிசி நொய் போல ஒரு வெளுப்பு. அடுத்த மாதப் படத்தில் அந்த நொய் இல்லை. அக்காவின் ஸ்கேனிலும் இதையேதான் பார்த்திருந்தேன். அளவுதான் வேறு.

நான்கு ஹிம்சைகள்

சமண நூல்கள் ஹிம்சையை நான்காகப் பிரிக்கும். வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. அடுப்பு, துடைப்பம், உலக்கையால் நேர்வது ஆரம்பி. உழவிலும் தொழிலிலும் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இல்லறத்தான் முதலாவதை அடியோடு விட வேண்டும், மற்ற மூன்றையும் முடிந்தவரை சுருக்க வேண்டும். ஆய்வு எலியின் சாவு எதில் சேரும்? நோயென்ற பகைவனோடு போராடுவதால் விரோதி என்று சொல்ல ஆசைதான். ஆனால் பகைவன் எலி அல்லவே! ஐந்து புலனும் உள்ள உயிர், தெரிந்தே எடுக்கப்படுகிறது. சங்கல்பி என்றுதான் என் மனசாட்சி சொல்கிறது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-ல் பதிப்பித்த நீலகேசியில், கொன்றவன் மட்டுமல்ல, அவனிடம் வாங்கித் தின்பவனும் வினையில் பங்காளி என்ற வாதம் வருகிறது. அப்படியானால் மாத்திரை விழுங்கியவரும், அதை வாங்கிக்கொடுத்த நானும் பங்காளிகள்.

இதை அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரிடா, கடன்னு தெரிஞ்சுடுச்சு. கடன வெச்சிக்கிட்டு இல்லேன்னு சொல்றதுதான் தப்பு" என்றார். அன்றிலிருந்து மாத்திரை போடும்முன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் உட்காருவார். என்ன நினைத்தார் என்று நான் கேட்டதில்லை. 2019-ல் காலமானார்.

உமாஸ்வாமி முனிவர் ஹிம்சைக்குக் கொடுத்த இலக்கணத்தில் 'பிரமாதம்' என்றொரு சொல் இருக்கிறது. நம் பேச்சில் பிரமாதம் என்றால் அபாரம். அவர் நூலில் அதற்குக் கவனக்குறைவு என்று பொருள். அசட்டையோடு உயிரை வதைப்பதே ஹிம்சை என்கிறார். ஏபி லாத்ராப்பின் ஏடு, ருக்மிணி தேவியின் சட்டம், மூன்று நெறிகள், நுண்-சி.டி., மின்மினி வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரு வரிசையில் வைத்துப் பார்த்தால், அசட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்த வரலாறாகவே எனக்குப் படுகிறது. கடன் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இத்தனை உயிர் என்று எண்ணிக் குறித்துவைக்கவும், அடுத்த முறை அதில் ஒன்றையாவது குறைக்கவும் வழி பிறந்திருக்கிறது.

தில்லியில் நம் பிள்ளைகள் பலர் உயிரியலும் மருத்துவமும் படிக்கிறார்கள். நாளை இவர்களில் யாராவது நெறிக்குழுவின் முன் விண்ணப்பம் வைப்பார்கள், யாராவது அந்தக் குழுவிலேயே உட்காருவார்கள். எலிகளின் எண்ணிக்கை எழுதிய கட்டத்துக்கு வரும்போது பேனாவைச் சற்று நிறுத்தி, இதைவிடக் குறைவாக முடியாதா என்று ஒரு கேள்வி கேட்கட்டும். என் அக்கா கேட்ட கேள்வியும் அதுதான்.